சுகாதார நிலையம் எட்டாத ஊர்கள் எவை? க்யூஜிஐஎஸ்ஸில் கண்டுபிடிப்பது எப்படி

சேரன்மாதேவி பக்கம் ஒரு கிராமத்தில், மாதப் பரிசோதனைக்கு இரண்டு பஸ் மாறிப் போகும் கர்ப்பிணிகளைப் பார்த்தேன். சமவெளியில் 30,000 பேருக்கும் மலையில் 20,000 பேருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அரசு வகுத்த அளவு. தலைக்கணக்கு சரியாக இருந்தாலும் சில ஊர்களுக்கு அது எட்டுவதில்லை. எந்த ஊர்கள் என்பதை வரைபடத்தில்தான் பார்க்க முடியும்.

அதற்கு க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள் போதும், காசு கொடுத்து எதையும் வாங்காதீர்கள். அதில் க்விக்ஓஎஸ்எம் செருகுநிரலைச் சேர்த்து, பொதுமக்களே சேர்ந்து வரையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்திலிருந்து ஊர்களையும் நிலையங்களையும் இறக்குங்கள். சில நிலையங்கள் விட்டுப்போயிருக்கும். பட்டியலை உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் காட்டினால் உடனே சொல்லிவிடுவார்.

அடுத்ததுதான் நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்ட இடம். ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் 5 கிலோமீட்டர் வட்டம் போட பஃபர் கருவியில் 5 என்று கொடுத்தேன். வட்டம் சென்னை வரை போய்விட்டது. இறக்கிய தரவு டிகிரியில் இருக்கிறது, ஒரு டிகிரி ஏறத்தாழ 111 கிலோமீட்டர். திரையின் கீழே வலது மூலையில் இருக்கும் இபிஎஸ்ஜி எண்ணை, அதாவது எந்த ஆயமுறையில் வரைபடம் இருக்கிறது என்று சொல்லும் எண்ணை, மாற்றிப் பார்த்தேன். அது காட்சியை மட்டும்தான் மாற்றும். ‘ரீப்ரொஜெக்ட் லேயர்’ கொடுத்து லேயரையே, அதாவது இறக்கிய தரவு அடுக்கையே, மீட்டருக்கு மாற்ற வேண்டும். மீட்டரில் அளக்கும் யுடிஎம் முறையில் திருநெல்வேலிக்கு மண்டலம் 43 வடக்கு, அதாவது இபிஎஸ்ஜி 32643. சென்னைக்கு எழுதிய குறிப்புகளில் 44 என்று இருக்கும், அதை எடுக்காதீர்கள். இரண்டு மண்டலங்களுக்கும் எல்லை 78 டிகிரி தீர்க்கரேகை, நெல்லை நகரம் அதற்கு மேற்கே. அப்புறம் பஃபரில் 5000 கொடுங்கள்.

சரி, வட்டம் வந்துவிட்டது. ஆனால் அதை அப்படியே நம்ப வேண்டாம். காரையாறு அணைக்கு அப்பால் இருக்கும் இஞ்சிக்குழி என்ற காணிப் பழங்குடியினர் குடியிருப்பைப் பாருங்கள். வட்டம் தண்ணீரையும் காட்டையும் கணக்கில் எடுக்காது, அங்கிருந்து வருகிறவர் இரண்டையும் கடந்தாக வேண்டும். அதனால் பாதை வழியாகப் பயண நேரம் கணக்கிடும் ஓஆர்எஸ் டூல்ஸ் செருகுநிரலைத்தான் நான் நம்புகிறேன். அதில் ‘கார்’ என்று விடாமல் ‘நடை’ என்று மாற்றுங்கள். நமக்கு வேண்டியது கார் இல்லாதவரின் தூரம். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் இல்லாத ஒற்றையடிப் பாதையை நீங்களே அங்கு வரைந்து சேர்க்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, 2011 கணக்கெடுப்பிலிருந்து ஊர்வாரியாகப் பட்டியல் சாதி, பழங்குடி மக்கள்தொகையை இதன்மேல் வண்ணமாகப் போடுங்கள். யாருக்குத் தூரம் அதிகம் என்பது அப்போதுதான் தெரியும். பெயரை வைத்து இணைத்தால் பாதி ஊர் விட்டுப்போகும், ஒரே ஊரைக் கோப்புக்குக் கோப்பு வேறு எழுத்தில் எழுதியிருப்பார்கள். கிராமக் குறியீட்டு எண்ணை வைத்து இணையுங்கள்.

பின்சேர்க்கை: இப்போது தென்காசி மாவட்டத்தில் இருக்கும் ஆலங்குளம், என் வரைபடத்தில் ஏன் திருநெல்வேலிக்குள் வருகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். அது 2011 கணக்கெடுப்பின் எல்லை. தென்காசி தனி மாவட்டம் ஆனது 2019இல்தான். இன்னொருவர் நோயாளிகளின் வீடுகளைப் புள்ளியாக வைக்கலாமா என்றார். தயவுசெய்து வேண்டாம். நூறு வீடு உள்ள ஊரில் ஒரு புள்ளியைப் பார்த்தாலே யார் வீடு என்று தெரிந்துவிடும்.