எந்த இணையதளத்துக்கு விருது? நண்பர்களோடு நடுவர் குழு நடத்துவது எப்படி

அனிமேஷன் நிறைந்த ஓர் இணையதளத்தைத் திறந்ததும் வாயிலிருந்து ‘அட!’ வந்துவிடும். அதற்குப் பயிற்சி எதுவும் வேண்டாம். அப்படிப்பட்ட மூன்று தளங்களை வரிசையாக வைத்து, இதில் எதற்குச் சிறந்த வடிவமைப்பு விருது என்று கேட்டால்தான் வம்பு. டிசைன் பழகிக்கொண்டிருக்கும் நாங்கள் நான்கு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான் உட்கார்ந்தோம். காலை பத்து மணிக்கு ஆரம்பித்த பேச்சு மதியச் சாப்பாடு ஆறிப்போகும்வரை நீண்டது. முடிவு மட்டும் வரவில்லை. எதை அளக்கிறோம் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளாமல் தளங்களுக்குள் குதித்ததுதான் நாங்கள் செய்த தப்பு. அடுத்த வாரம் முறையாகச் செய்தோம். அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கோடிங் தெரிந்திருக்க வேண்டாம். ஒரு லேப்டாப், ஒரு சுமாரான போன், சண்டை போடத் தயாராக இரண்டு மூன்று பேர், அவ்வளவு போதும்.

படி 1: மூன்று தளங்களை எடுங்கள்

மூன்றுக்கு மேல் போனால் முதலில் பார்த்தது மறந்துவிடும். ஒன்றுக்கொன்று சாயலே இல்லாத தளங்களாக எடுத்தால் விவாதம் சூடு பிடிக்கும். நாங்கள் எடுத்தவை இவை.

முதலாவது, பிரான்ஸைச் சேர்ந்த புரூனோ சைமன் 2019இல் வெளியிட்ட போர்ட்ஃபோலியோ, அதாவது தான் செய்த வேலைகளைக் காட்டும் தளம். வழக்கமான ‘என்னைப் பற்றி’ பக்கம் எதுவும் இல்லை. ஒரு பொம்மைக் காரை அம்புக்குறி விசைகளால் ஓட்டிக்கொண்டு போய் அவர் செய்த வேலைகளைப் பார்க்க வேண்டும். வழியில் இருக்கும் எழுத்துகளை இடித்துத் தள்ளலாம். பௌலிங் கட்டைகளைச் சாய்க்கலாம். பிரவுசருக்குள் முப்பரிமாணக் காட்சிகளை வரைய உதவும் த்ரீ.ஜேஎஸ் கொண்டு செய்தது.

இரண்டாவது, பிரையன் ஜேம்ஸ் 2015இல் செய்த ‘ஸ்பீஷீஸ் இன் பீசஸ்’. அழிவின் விளிம்பில் இருக்கும் 30 உயிரினங்கள், ஒவ்வொன்றும் 30 துண்டுகளால் ஆனது. ஒரு விலங்கு உடைந்து, அதே துண்டுகள் நகர்ந்து அடுத்த விலங்காகச் சேரும். இவ்வளவையும் படமோ வீடியோவோ இல்லாமல், பக்கத்தின் தோற்றத்தை எழுத உதவும் சிஎஸ்எஸ் மொழியில் வடிவங்களை வெட்டியே செய்திருக்கிறார்.

மூன்றாவது, ஜாஷ் வொர்த் 2014இல் வெளியிட்ட ‘இஃப் த மூன் வேர் ஒன்லி 1 பிக்சல்’. நிலாவை ஒரே ஒரு பிக்சலாக, அதாவது திரையின் ஆகச் சிறிய புள்ளியாக, வைத்துக்கொண்டு சூரியக் குடும்பம் முழுவதையும் அதே அளவில் பக்கவாட்டாக நீட்டி வைத்த பக்கம். பார்ப்பதற்குப் பெரும்பாலும் கறுப்பு. இதைப் பட்டியலில் சேர்த்தபோது எங்களில் ஒருவர், “இதுக்கெல்லாம் விருதா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே சேர்த்தோம்.

படி 2: எதற்கு எவ்வளவு எடை என்று தளங்களைத் திறப்பதற்கு முன்பே எழுதுங்கள்

முதல் வாரம் நாங்கள் கோட்டைவிட்டது இங்கேதான். நிஜ விருது அமைப்புகள் இதை எப்படிச் செய்கின்றன என்று பாருங்கள். ஸ்பெயினில் பிறந்த ஆவ்வர்ட்ஸ் அமைப்பில் வடிவமைப்புக்கு 40 சதவீதம், பயன்படுத்தும் எளிமைக்கு 30, படைப்பாற்றலுக்கு 20, உள்ளடக்கத்துக்கு 10. 1996இல் தொடங்கிய வெபி விருதுகளில் வேறு வழி: காட்சி வடிவமைப்பிலேயே அழகுக்கு ஒரு விருது, செயல்பாட்டுக்குத் தனியாக ஒரு விருது. அதாவது நம் வீட்டுச் சண்டையை அவர்கள் இரண்டு கோப்பை கொடுத்துத் தீர்த்துவிட்டார்கள்.

நமக்கு ஒரே கோப்பைதான். எனவே ஆவ்வர்ட்ஸின் நான்கு தலைப்புகளை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். எடையை மட்டும் நீங்களே முடிவு செய்யுங்கள். எனக்கு அந்தப் பத்து சதவீதம் உறுத்தல்தான். சொல்ல வந்த விஷயத்துக்குப் பத்து, சொல்லும் தோரணைக்கு நாற்பது என்றால் எப்படி? நாங்கள் பேசி, வடிவமைப்பு 30, உள்ளடக்கம் 30, எளிமை 20, படைப்பாற்றல் 20 என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். ஒட்டிய பிறகு மாற்றக் கூடாது. ‘என் தளம் தோற்கிறதே’ என்று இடையில் எடையைத் திருத்த எல்லோருக்கும் கை அரிக்கும்.

படி 3: முதல் ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள்

மதிப்பெண் போட வேண்டாம், பேசவும் வேண்டாம். ஒரு தளத்துக்கு ஐந்து நிமிடம். முடிந்ததும் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரே வரி எழுதுங்கள்: இந்தத் தளம் எதைப் பற்றியது?

நால்வரின் வரிகளும் ஒத்துப்போனால் அந்தத் தளம் பேசத் தெரிந்த தளம். “ஏதோ கலர் கலரா பறந்துச்சு” என்று ஒருவர் எழுதினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளடக்க மதிப்பெண்ணுக்கு உதவும்.

படி 4: சுமாரான போனில் திறங்கள்

பளபளப்பான தளங்கள் பெரும்பாலும் பெரிய திரையிலும் வேகமான இணைப்பிலும் உட்கார்ந்து செய்யப்படுபவை. பார்க்கிறவர் பஸ்ஸில் இருப்பார். ஆகவே வீட்டில் இருப்பதிலேயே பழைய போனில், வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். போன் சூடாகிறதா, ஸ்க்ரோல் திக்கித் திணறுகிறதா, பொத்தான்கள் விரலுக்கு எட்டுகின்றனவா என்று கவனியுங்கள்.

லேப்டாப்பிலும் இதைச் சோதிக்கலாம். குரோமில் எஃப்12 அழுத்தினால் டெவலப்பர் கருவிகள் திறக்கும். அதில் ‘நெட்வொர்க்’ பகுதிக்குப் போங்கள். ‘டிசேபிள் கேஷ்’ என்பதை டிக் செய்யுங்கள். இல்லையென்றால் ஏற்கெனவே சேமித்து வைத்ததைக் காட்டி ஏமாற்றிவிடும். பக்கத்திலேயே ‘நோ த்ராட்லிங்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். அதை ‘ஸ்லோ 4ஜி’ ஆக்கிவிட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். மொத்தம் எத்தனை எம்பி இறங்கியது என்று கீழே வரும். எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 வினாடிக்குள் தெரிந்தால் நல்ல வேகம் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். முப்பரிமாணத் தளங்களிடம் அவ்வளவு கறாராக இருக்க வேண்டாம். ஆனால் பூஜ்யத்திலிருந்து நூறுவரை எண்ணிக்கொண்டே நம்மைக் காக்க வைக்கும் அந்த லோடிங் திரை இருக்கிறதே, அதற்கு நான் தாட்சண்யம் காட்டுவதில்லை.

அசைவு வழுக்கிக்கொண்டு போக வேண்டுமானால் வினாடிக்கு 60 சட்டங்கள் (ஃப்ரேம்கள்) தேவை. ஒரு சட்டத்தை வரைய பிரவுசருக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிவினாடி. அதைத் தாண்டும்போதுதான் நம் கண் ‘திக்குகிறது’ என்கிறது. இதைக் கருவியால் அளக்கலாம். ஆரம்பத்தில் கண்ணே போதும்.

படி 5: அசைவை நிறுத்திவிட்டுப் பாருங்கள்

என்னைப் பொறுத்தவரை விருதைத் தீர்மானிக்கும் படி இதுதான். இரண்டு விதமாகச் செய்ய வேண்டும்.

முதல் விதம், நிஜமாகவே நிறுத்துவது. வேகமாக நகரும் திரையைப் பார்த்தால் தலை சுற்றிக் குமட்டல் வரும் ஆட்கள் உண்டு. அவர்களுக்காகவே போனிலும் கணினியிலும் அசைவைக் குறைக்கும் வசதி இருக்கிறது. செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி பகுதிக்குள் தேடினால் கிடைக்கும். அதை இயக்கிவிட்டுத் தளத்தைத் திறந்து, அது உங்கள் விருப்பத்தை மதிக்கிறதா, காதில் வாங்காமல் ஆடிக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். இணையதளங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த வழிசெய்யும் டபிள்யூசிஏஜி என்ற அணுகல் விதிகளில் இரண்டு எண்களை மனதில் வையுங்கள்: எதுவும் ஒரு வினாடியில் மூன்று முறைக்கு மேல் பளிச்சிடக் கூடாது, தானாக ஓடும் அசைவு மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து ஐந்து வினாடிக்கு மேல் நீடித்தால் அதை நிறுத்த வழி இருக்க வேண்டும். முதலாவது வலிப்பு நோய் உள்ளவர்களின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. அதில் தவறும் தளத்தை நான் போட்டியிலிருந்தே எடுத்துவிடுவேன்.

இரண்டாவது விதம், மனதுக்குள் நிறுத்துவது. இந்தத் தளத்தை ஒரு தாளில் அச்சடித்தால் எதை இழப்போம் என்று கேளுங்கள்.

காரை நிறுத்தினால் சைமனின் வேலைப் பட்டியல் அப்படியே இருக்கும், போவது குஷி. இதைச் சொன்னதும் கார் கட்சிக்காரர் எழுந்துவிட்டார்: “அவர் விற்கிறதே அந்தத் திறமையைத்தானே? கார் ஓடுறதுதான் அவரோட சான்றிதழ்!” நியாயமான வாதம். என்ன செய்ய முடியும் என்று பத்து வரியில் எழுதுவதைவிட ஓட்டிக் காட்டுவது மேல். என் தாளில் காருக்கு அரை மதிப்பெண் கூட்டிக்கொண்டேன்.

துண்டுகளை நிறுத்தினால் 30 அழகான படங்கள் மிஞ்சும். சுவரில் மாட்டலாம். ஆனால் ஒரு விலங்கு சிதறி, அதன் துண்டுகளே இன்னொன்றாகும்போது நெஞ்சில் ஏதோ ஒன்று பிசகுகிறதே, அது போய்விடும். பாதி நஷ்டம்.

நிலாவை நிறுத்தினால் ஒரு கறுப்புத் தாள்தான் கையில் இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தோம். நிலாவின் விட்டம் சுமார் 3,475 கிலோமீட்டர். அது ஒரு பிக்சல் என்றால் சூரியன் சுமார் 400 பிக்சல், வியாழன் 40, நம் பூமி நான்கு பிக்சல்கூட இல்லை. சூரியனிலிருந்து பூமிக்கு ஏறக்குறைய 43,000 பிக்சல். 1,366 பிக்சல் அகலமுள்ள லேப்டாப்பில் முப்பத்தோரு திரையைத் தள்ளினால்தான் பூமி வரும். புளூட்டோவுக்குப் போக 17 லட்சம் பிக்சல், அதாவது 1,200 திரைக்கும் மேல். இடையிடையே வெறுமையில் தனியாக நிற்கும் சில வரிகளைத் தவிர வழித்துணை கிடையாது.

அந்தப் பக்கத்தில் ஒளியின் வேகத்தில் பயணம் செய்ய ஒரு பொத்தான் உண்டு. அழுத்திப் பாருங்கள். ஒளிதானே, சர்ரென்று பறக்கும் என்று நினைப்போம். வினாடிக்கு 86 பிக்சல்தான்! ஒரு திரையைக் கடக்கவே பதினாறு வினாடி. பூமியை அடைய எட்டு நிமிடத்துக்கு மேல். எங்களில் ஒருவர் அதை ஓடவிட்டு டீ போட்டுக்கொண்டு வந்தார். இன்னும் பூமி வரவில்லை. 15 கோடி கிலோமீட்டர் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். அந்த எண் சொல்லாததை இந்த மந்தமான நகர்வு சொல்லிவிடுகிறது. “இதுக்கெல்லாம் விருதா?” என்று கேட்டவர் இந்த இடத்தில் கொஞ்சம் அமைதியானார்.

படி 6: மதிப்பெண் போட்டுக் கூட்டுங்கள்

ஒவ்வொரு தலைப்புக்கும் பத்துக்கு எத்தனை என்று தனித்தனியாக எழுதுங்கள். அடுத்தவர் தாளை எட்டிப் பார்க்க வேண்டாம். மதிப்பெண்ணை எடையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி நூறால் வகுத்தால் இறுதி எண் வரும். என் தாளில் இருந்தது இது:

கார்: வடிவமைப்பு 9, எளிமை 6, படைப்பாற்றல் 9.5, உள்ளடக்கம் 5.
துண்டுகள்: வடிவமைப்பு 9, எளிமை 6, படைப்பாற்றல் 9, உள்ளடக்கம் 8.
நிலா: வடிவமைப்பு 7, எளிமை 7, படைப்பாற்றல் 9, உள்ளடக்கம் 10.

ஆவ்வர்ட்ஸ் எடையில் இதைக் கூட்டினால் துண்டுகள் 8.0, கார் 7.8, நிலா 7.7. நிலா கடைசி! சுவரில் ஒட்டிய எங்கள் எடையில் கூட்டினால் நிலா 8.3, துண்டுகள் 8.1, கார் 7.3. ஒரே ஆள், ஒரே மதிப்பெண், இரண்டு வெற்றியாளர்கள். முதல் வாரம் நாங்கள் தளங்களைப் பற்றிச் சண்டை போட்டதாக நினைத்துக்கொண்டிருந்தோம். போட்டதெல்லாம் இந்த எடைக்கான சண்டை. படி 2ஐத் தாண்டிக் குதிக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இரண்டு தளங்கள் சமமாக வந்தால் ஒரு கேள்வி: பத்து வருடம் கழித்துத் திறக்குமா? இணையத்தில் அனிமேஷனை ஓட்ட ஃபிளாஷ் என்ற மென்பொருள் கோலோச்சிய காலத்தில் ‘ஸ்கிப் இன்ட்ரோ’ பொத்தானோடு கோலாகலமாக ஆடிய தளங்கள் எத்தனையோ விருது வாங்கின. அடோபி 2020 டிசம்பர் 31 அன்று ஃபிளாஷுக்கு ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் பிளேயர் எதையும் ஓட்ட மறுத்தது. அந்த விருதுத் தளங்களில் பலவற்றை இன்று திரைப்பிடிப்பாக மட்டுமே பார்க்க முடியும்.

படி 7: தீர்ப்பை ஐந்து சொல்லில் எழுதுங்கள்

வெபி விருது மேடையில் ஒரு வேடிக்கையான விதி உண்டு: ஏற்புரை ஐந்து சொல்லுக்கு மேல் போகக் கூடாது. அதை நாம் நடுவர்களுக்குத் திருப்பிவிடுவோம். தனக்குப் பிடித்த தளம் ஏன் ஜெயிக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் ஐந்தே சொல்லில் எழுத வேண்டும். ‘சூப்பர்’, ‘வேற லெவல்’ இரண்டும் தடை.

நான் எழுதியது: “வெறுமையை விரலால் அளக்க வைத்த தளம்.”

நால்வரின் எண்களையும் சேர்த்துப் பார்த்ததில் கோப்பை நிலாவுக்குப் போனது. கார் கட்சிக்காரரும் தாளை நீட்டினார். அதில் இருந்தது: “எனக்கு இன்னும் கார்தான் பிடிச்சிருக்கு, போங்க.” எண்ணிப் பார்த்தோம். சரியாக ஐந்து.