டிரோன் சிந்தசைசர்: ஒரே சுரத்தை உயிரோடு வைத்திருப்பது எப்படி?

தம்புராவை மட்டும் தனியாகக் கேட்டிருக்கிறீர்களா? சுரம் மாறுவதில்லை, தாளம் இல்லை, ராகமும் தொடங்கவில்லை. ஆனாலும் அந்த ஒலி ஒரு கணம்கூட நின்றுபோனதாகத் தோன்றாது. உள்ளே ஏதோ ஊர்ந்துகொண்டே இருக்கும். இப்படி இடைவிடாமல் நீடிக்கும் ஒலிதான் டிரோன். டிரோன் சிந்தசைசரில் நாம் தேடுவது அந்த ஊர்தலைத்தான்.

சாதாரண சிந்தசைசரில் கட்டையை அழுத்தினால் சுரம் பிறக்கும், விட்டால் அடங்கும். டிரோன் சிந்தசைசருக்குக் கட்டையே தேவையில்லை. ஒலி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நம் கை திருகுகளில் மட்டும் இருக்கும். சோமா நிறுவனத்தின் லைரா-8 இதற்காகவே பிறந்த கருவி. அதில் 8 குரல்கள், ஒவ்வொன்றுக்கும் தனிச் சுருதித் திருகு. ஆனால் கற்றுக்கொள்ள இப்போதே கருவி வாங்க வேண்டாம். விசிவி ரேக் என்ற இலவச மென்பொருள் போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

தயாராவது

நிறுவித் திறந்தால் ஏற்கெனவே ஒரு பேட்ச் இருக்கும், அதாவது மாட்யூல்கள் என்ற தனித்தனி ஒலிப் பெட்டிகளை வயர்களால் இணைத்த அமைப்பு. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்துவிடுங்கள். வெற்று இடத்தில் வலது கிளிக் செய்தால் மாட்யூல்களின் பட்டியல் வரும். முதலில் இரண்டு விசிஓ, ஒலிகளைக் கலக்கும் மிக்சராக ஒரு விசிஏ மிக்ஸ், ஒரு ஆடியோ மாட்யூல் போதும். விசிஓதான் ஒலியைப் பிறப்பிக்கும் ஆசிலேட்டர். இரண்டையும் மிக்சரில் செருகி, மிக்சரின் வெளியீட்டை ஆடியோவில் செருகுங்கள். ஆடியோ மாட்யூலில் உங்கள் கணினியின் ஒலி வெளியீட்டுச் சாதனத்தைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள்.

ஹெட்ஃபோன் அவசியம். மடிக்கணினியின் சிறிய ஸ்பீக்கரில் தாழ்ந்த அதிர்வெண்கள் சரியாகவே வராது. நாம் செய்யப்போகும் வேலையில் பாதி அங்கேதான் நடக்கிறது. அப்புறம், ஒலியளவைக் குறைத்தே வையுங்கள். இடைவெளியே இல்லாத ஒலி காதைச் சீக்கிரம் களைக்கவைக்கும், அது நமக்குத் தெரியவும் தெரியாது.

முதல் படி: விம்மலைக் கேட்பது

அவசரப்பட வேண்டாம். இந்த ஒரு படிக்கு அரை மணி நேரம் கொடுத்தாலும் தகும்.

இரண்டு விசிஓக்களிலும் சைன் அலையின் வெளியீட்டை எடுங்கள். அதிர்வெண் திருகின் மீது வலது கிளிக் செய்தால் எண்ணைத் தட்டச்சு செய்யலாம். இரண்டிலும் 110 ஹெர்ட்ஸ். இப்போது கேட்பது வழுவழுப்பான, தட்டையான ஒலி. ஒரு நிமிடம் கேட்டால் சலித்துவிடும்.

சரி, இரண்டாவதை மட்டும் 110.5 ஆக்குங்கள். ஒலி மெல்ல எழும்பி, மெல்ல அடங்கும். 2 நொடிக்கு ஒருமுறை. பள்ளி இயற்பியல் புத்தகத்தில் விம்மல் என்று படித்தோமே, அதுதான் இது. இரண்டு அலைகளும் ஒரு கணம் சேர்ந்து நடக்கின்றன, அடுத்த கணம் ஒன்றையொன்று அழிக்கின்றன. அதிர்வெண்களின் வித்தியாசம் எவ்வளவோ, ஒரு நொடிக்கு அத்தனை விம்மல். 110.2 என்று மாற்றினால் 5 நொடிக்கு ஒன்று. 112 என்றால் நொடிக்கு இரண்டு. ஒலி படபடக்கத் தொடங்கும். 125 பக்கம் போனால் கரகரப்பு. மெதுவாகத் திருகி இந்த வழி முழுவதையும் நடந்து பாருங்கள்.

மிக்சரில் இரண்டின் அளவும் சமமாக இருந்தால், அடங்கும் இடத்தில் ஒலி முற்றிலும் மறைந்தே போகும். ஒன்றைக் கொஞ்சம் தணித்தால் விம்மல் ஆழம் குறைந்து மூச்சுபோல் ஆகும். எனக்குப் பிடித்தது இதுதான்.

இரண்டாவது படி: சைனிலிருந்து ரம்பப் பல்லுக்கு

இப்போது அதே இரண்டு விசிஓக்களிலும் சைனை விட்டு, ரம்பப் பல் அலையின் வெளியீட்டுக்கு மாறுங்கள். ஒன்று 110, மற்றது 110.2. ஒரே ஒரு சுருதி வித்தியாசம்தான், ஆனால் உங்கள் காதில் பல வேகங்கள் விழும். கீழே கனமான ஓர் அலை நிதானமாக அசைகிறது. மேலே மினுமினுப்பு வேகமாக ஓடுகிறது.

காரணம் அழகானது. ரம்பப் பல் அலையில் 110 மட்டும் இல்லை. 220, 330, 440 என்று அதன் எல்லா மடங்குகளும் மேற்சுரங்களாக இருக்கின்றன, மேலே போகப்போக வலு குறைந்துகொண்டே. இன்னொரு ஆசிலேட்டரில் அவை 220.4, 330.6, 440.8. ஆகவே அடிப்படைச் சுரம் 5 நொடிக்கு ஒருமுறை விம்மினால், (110ஐ முதலாவதாக எண்ணினால்) ஐந்தாம் மேற்சுரம் நொடிக்கு ஒருமுறை, பத்தாவது நொடிக்கு இருமுறை. ஒரு சின்ன விலகல் நூறு அசைவுகளாக விரிகிறது. டிரோன் ஒலியின் குணம் பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது என்பது என் எண்ணம். தொடக்கத்தில் நான் ஆறு ஆசிலேட்டர்களை அடுக்கினால்தான் ஒலி செழிக்கும் என்று நினைத்தேன். வந்தது சேறுதான். இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு விலகலை நுணுக்கமாக அமைத்தபோதுதான் ஒலிக்குள் இடம் கிடைத்தது.

மூன்றாவது படி: பஞ்சமம்

மூன்றாவது விசிஓ ஒன்றைச் சேர்த்து 165 ஹெர்ட்ஸ் கொடுங்கள். 110க்கு 165 என்பது 2க்கு 3, சுத்தமான பஞ்சமம். அது வந்து சேர்ந்ததும் ஒலி கால் ஊன்றி நிற்பதுபோல் இருக்கும். பியானோவின் சம இடைவெளிச் சுருதியில் அதே பஞ்சமம் சுமார் 164.81. அதையும் இட்டுப் பாருங்கள். 110இன் மூன்றாம் மேற்சுரம் 330; 164.81இன் இரண்டாவது 329.62. இரண்டும் உரசி, சுமார் 2.6 நொடிக்கு ஒரு விம்மல் தருகின்றன. எது சரி என்பதற்கு ஒரே விடை கிடையாது. ஓய்வான ஒலி வேண்டுமானால் 165, கொஞ்சம் தவிப்பு வேண்டுமானால் 164.81. அடித்தளம் வேண்டுமென்றால் நான்காவதாக 55இல் ஒரு சைன், தாழ்ந்த அளவில்.

நான்காவது படி: ஃபில்டர்

மிக்சருக்கும் ஆடியோவுக்கும் இடையில் ஒரு விசிஎஃப் வையுங்கள். லோபாஸ் வெளியீட்டை எடுங்கள். கட்ஆஃப் என்பது எந்த அதிர்வெண்ணுக்கு மேல் ஒலி மங்க வேண்டும் என்று சொல்லும் திருகு. 600 ஹெர்ட்ஸ் நல்ல தொடக்கம். கட்ஆஃபை ஒட்டிய அதிர்வெண்களைத் தூக்கிக்காட்டும் ரெசனன்ஸ் திருகைப் பாதிக்கு மேல் ஏற்றி, கட்ஆஃபை மிக மிக மெதுவாகக் கையால் திருகுங்கள். மேற்சுரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து தலைகாட்டும்: 440, 550, 660, 770. நாம் ஒரு சுரத்தையும் மாற்றவில்லை, ஆனால் ஒரு மெட்டு கேட்கிறது! தம்புராவின் குதிரையில் தந்திகளுக்கு அடியில் இருக்கும் ஜீவா நூலைச் சரிசெய்யும்போது மேற்சுரங்கள் பிரகாசித்து எழுவது இதற்கு நெருங்கிய உறவு. கேட்டு முடித்ததும் ரெசனன்ஸைக் கால்வாசிக்குத் தணித்துவிடுங்கள்.

ஐந்தாவது படி: கையை எடுத்துவிடுவது

எல்எஃப்ஓ என்பது நம் கைக்குப் பதிலாகத் திருகை அசைக்கும் மெதுவான ஆசிலேட்டர். இரண்டு எடுங்கள். ஒன்றின் வேகம் 0.043 ஹெர்ட்ஸ், அதாவது 23 நொடிக்கு ஒரு சுற்று. அதை விசிஎஃபின் கட்ஆஃபுக்குச் செருகி, அந்த உள்ளீட்டின் சிறு திருகைக் கொஞ்சமே திறங்கள். மற்றது 0.029, ஒரு சுற்றுக்கு 34 நொடிக்கும் சற்று மேல். அது மிக்சரில் பஞ்சமத்தின் அளவை ஏற்றி இறக்கட்டும். அந்த எல்எஃப்ஓவில் ஆஃப்செட் பொத்தானை அழுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் பாதி நேரம் பஞ்சமம் மௌனமாகிவிடும்.

வேகத்துக்கு 0.04, 0.02 போன்ற உருண்டையான எண்களைத் தவிர்க்கச் சொல்வேன். அந்த ஜோடி 50 நொடியில் திரும்ப ஒன்றுசேரும். காது அதைப் பிடித்துவிடும். 0.043உம் 0.029உம் தொடங்கிய நிலைக்கு மீண்டும் ஒன்றாக வர 1000 நொடி, அதாவது 16 நிமிடத்துக்கும் மேல்.

பொறுமைக்கு ஒரு முன்மாதிரி வேண்டுமென்றால் எலியான் ரடீக். பிரெஞ்சு இசையமைப்பாளரான அவர் 1970களின் தொடக்கத்திலிருந்து 2000 வரை தன் மின்னணு இசையை ஏஆர்பி 2500 என்ற ஒரே சிந்தசைசரைச் சுற்றியே கட்டினார். மாற்றம் எப்போது நடந்தது என்றே தெரியாதபடி ஒலி மாறிக்கொண்டிருக்கும்.

எதிரொலி வேண்டுமானால் வேலி (Valley) என்ற மாட்யூல் தொகுப்பின் பிளேட்டோ (Plateau) என்ற இலவச ரிவர்ப் மாட்யூல் நன்றாக இருக்கும். அதைக் கடைசியில் மட்டும் சேருங்கள். முதலிலேயே போட்டால் விம்மல்களை மூடிவிடும், சுருதி சேர்த்தது சரியா என்று காதுக்குத் தெரியாது.

பதிவு செய்வது

விசிவி ரெக்கார்டரைச் சேர்த்து 20 நிமிடம் ஓடவிடுங்கள். எந்தத் திருகையும் தொடாதீர்கள். மறுநாள் அதைக் கேட்கும்போது, கவனம் வேறெங்கோ போன நிமிடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பேட்சைத் திறந்து முதலில் விலகலைத் தொடுங்கள்: 110.2க்குப் பதில் 110.13, அல்லது 110.3. புதிய மாட்யூல் எதையும் சேர்க்காமல் இன்னொரு 20 நிமிடம்.