கழுத்தை வலிக்காத கேமரா பட்டை: எடை போட்டு, நீளம் அளந்து வாங்குங்கள்

கேமராப் பெட்டியில் கூடவே வரும் பட்டை பெரும்பாலும் கழுத்தில் மாட்டும் நீளத்துக்குத்தான் இருக்கும். கேமரா உடலும் (பாடி) அதோடு சேர்த்து விற்கப்படும் சிறிய கிட் லென்ஸும் மட்டும் என்றால் அதுவே போதும். ஆனால் 70-200 எஃப் 2.8 போன்ற கனமான ஜூம் லென்ஸோடு முகூர்த்தத்திலிருந்து பந்தி முடியும்வரை நின்று படமெடுப்பவருக்கு அது ஒத்துவராது. மொத்த எடையும் கழுத்தின் பின்பக்கம் ஒரே கோட்டில் அழுத்தும்.

முதலில் எடை. பேட்டரி, லென்ஸ், ஃபிளாஷ் எல்லாவற்றையும் மாட்டிச் சமையலறைத் தராசில் வையுங்கள். 500 கிராமுக்குள் என்றால் 2 செ.மீ. அகலம் போதும். 1 கிலோ வரை 4 செ.மீ. வேண்டும். அதைத் தாண்டினால் 5 செ.மீ. தோள் மெத்தையுள்ள பட்டையை உடம்புக்குக் குறுக்கே மாட்டுவதே சரி. அப்போது பாரம் கழுத்தை விட்டுத் தோளுக்குப் போய்விடும்.

அடுத்து நீளம். கடைக்குப் போகும் முன் ஒரு கயிற்றை எடுத்து, இடது தோளிலிருந்து குறுக்காக வலது இடுப்பெலும்பு வரை போட்டு முழுச் சுற்றையும் அளந்துகொள்ளுங்கள். பட்டையின் அதிகபட்ச நீளம் அதைவிடக் குறைந்தது 10 செ.மீ. கூடுதலாக இருக்கட்டும். கேமரா இடுப்புக்குக் கீழே தொங்கினால் நடக்கும்போது தொடையில் இடிக்கும்.

துணி. நியோப்ரீன் கையில் பிடித்துப் பார்க்கும்போது மெத்தென்று இருக்கும். ஆனால் அது இழுபடும். கனமான கேமரா நடைக்கு நடை துள்ளும். நம் ஊர் வெயிலில் வியர்வையும் உள்ளேயே தங்கும். நீளாத நைலான் பட்டையில், வலைத்துணி அடித்த மெத்தை உள்ளதே எங்கள் பரிந்துரை. தோல் பட்டை அழகுதான். வியர்வையில் ஊறி ஊறி விறைத்துப்போகும்.

எங்கே மாட்டுவது? குறுக்குப் பட்டைகள் பல, கேமராவின் அடியிலுள்ள ட்ரைபாட் துளையில் கால் அங்குலத் திருகால் மாட்டப்படுபவை. கேமரா தொங்கியபடி அசைந்து திரும்பும்போதெல்லாம் அந்தத் திருகும் மெல்லத் தளரும். ரப்பர் வாஷர் இருக்கிறதா பாருங்கள். மணிக்கொருமுறை விரலால் இறுக்குங்கள். கேமராவின் பக்கவாட்டு வளையத்தோடு இணைக்கும் காப்புக் கயிறும் வைத்திருங்கள். லென்ஸுக்கென்று ட்ரைபாட் காலர் (லென்ஸைச் சுற்றிப் பிடிக்கும், ட்ரைபாட் துளையுள்ள வளையம்) இருந்தால் திருகை அதிலேயே போடுங்கள். பாடியில் போட்டால் லென்ஸின் எடை முழுவதையும் மவுண்ட், அதாவது லென்ஸ் பாடியோடு இணையும் இடம், தாங்க வேண்டியிருக்கும்.

பக்கவாட்டு வளையத்தில் மாட்டும் பட்டையைக் கோப்பது. புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

1. பக்கிளுக்குள் (நீளத்தைச் சரிசெய்யும் கொக்கி) மடித்துச் செருகியிருக்கும் பட்டை நுனியை மட்டும் உருவுங்கள்; பக்கிள் பட்டையிலேயே இருக்கட்டும்.
2. சின்னப் பிளாஸ்டிக் வளையத்துக்குள் விட்டு, கேமராவின் கண்ணியில் (பக்கவாட்டு வளையம்) கீழிருந்து மேலாக நுழைத்து, திரும்பவும் அதே பிளாஸ்டிக் வளையத்துக்குள் கொண்டுவாருங்கள்.
3. பக்கிளில் ஏற்கெனவே உள்ள மடிப்பைத் தளர்த்தி, அதன் அடியில் நுனியைச் செருகி, நடுக்கம்பியைச் சுற்றி இறக்குங்கள்.
4. நுனி 5 செ.மீ. மிஞ்ச வேண்டும். அதைவிடக் குறைந்தால் நைலான் கொஞ்சங்கொஞ்சமாக நழுவி ஒருநாள் கழன்றுவிடும்.

இருபுறமும் கோத்தபின் கட்டில் மெத்தைக்கு மேலே கேமராவைப் பிடித்துக்கொண்டு பட்டையைப் பலமாக நாலைந்து முறை வெடுக்கென்று இழுங்கள். பக்கிளுக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தால் பிறகு நழுவியதா என்று ஒரே பார்வையில் தெரியும். கண்ணியில் உரசும் இடத்தில் நூல் பிசிறத் தொடங்கியிருந்தால் தைத்து ஒப்பேற்ற வேண்டாம், பட்டையை மாற்றிவிடுங்கள்.