சின்னப் பிள்ளைகளின் பாதம்: கழுவித் துடைப்பது முதல் செருப்பு வாங்குவது வரை

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆனி, ஆடி மழையும் உண்டு, ஐப்பசி, கார்த்திகை மழையும் உண்டு. ஈரமான முற்றம், விளைக்குள் (தோப்புக்குள்) தேங்கும் தண்ணீர், காயாத ஸ்கூல் ஷூ என்று பிள்ளைகளின் கால் பல மாதம் நனைந்தே கிடக்கிறது. அங்கன்வாடி, எல்.கே.ஜி. போகிற 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்கு எதை நாம் செய்துவிட வேண்டும், எதை அவர்களே செய்யப் பழக்க வேண்டும் என்று பார்ப்போம்.

படி 1: கழுவுவதைவிடத் துடைப்பது முக்கியம்

வெளியே போய் வந்ததும் சாதாரணத் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதும். டெட்டால் கலந்து தினமும் கழுவினால் தோல் வறண்டு வெடிக்கும். கழுவியதும் பிள்ளையைச் சின்னப் பலகையில் உட்காரவைத்து, மெல்லிய துவர்த்தின் (துண்டின்) நுனியை விரலிடுக்குக்குள் நுழைத்து இழுக்கச் சொல்லுங்கள். ஒரு காலில் நாலு இடுக்கு. "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று எண்ணிக்கொண்டே துடைத்தால் எண்ணும் பழகும், ஒரு இடுக்கும் விடுபடாது. சுண்டுவிரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் நடுவே உள்ள இடுக்கை மட்டும் நீங்கள் ஒருமுறை விரித்துப் பாருங்கள். அங்கேதான் காற்று புகாது, தோல் ஊறி வெள்ளையாகும், பிறகு சேற்றுப்புண் வரும்.

தேங்காய் எண்ணெய் குதிகாலுக்கு நல்லது, விரலிடுக்குக்கு வேண்டாம், ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பவுடரை அள்ளிப் போட்டாலும் வியர்வையில் குழைந்து கட்டியாகி உறுத்தும். அரிப்பு இருந்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஏதாவது ஒரு களிம்பைத் தடவாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பில் அரிப்பு உடனே அடங்கும், ஆனால் பூஞ்சை அடியில் பரவிக்கொண்டே இருக்கும்.

படி 2: நகம்

குளித்த பிறகு நகம் மெத்தென்று இருக்கும்போது நேர்கோட்டில் வெட்டுங்கள், ஓரங்களை உள்ளே தோண்ட வேண்டாம். வளைத்து ஒட்ட வெட்டிய நகம் வளரும்போது சதைக்குள் குத்தும், வீங்கும், சீழ் வைக்கும். கால் நகம் கை நகத்தைவிட மெதுவாக வளரும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

படி 3: பாதத்தை அளப்பது

கடைக்குப் போகும் முன்பே வீட்டில் செய்ய வேண்டிய வேலை இது. இதை ஒழுங்காகச் செய்தால் மீதியெல்லாம் சுலபம்.

சாயங்காலம் அளவெடுங்கள், பகல் முழுக்க ஓடிய பாதம் அப்போது லேசாகப் பெருத்திருக்கும். சுவரை ஒட்டித் தரையில் ஒரு தாளை வையுங்கள். பிள்ளை குதிகாலைச் சுவரில் முட்டவைத்து, இரண்டு காலிலும் சமமாக ஊன்றி நிற்கட்டும். உட்கார்ந்த நிலையில் எடுத்த அளவு குறைவாகவே வரும். நீளமான விரலின் நுனியில் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் கோடு போடுங்கள். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளம், அதையும் கவனியுங்கள். பென்சில் உள்பக்கமாகச் சாய்ந்தால் சில மில்லிமீட்டர் குறைந்துபோகும், செருப்பு இறுகும். இரண்டு காலையும் அளந்து, பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நீளத்தோடு 10 முதல் 12 மில்லிமீட்டர் கூட்டி, ஒரு விரல் அகலத்தில் அட்டைத் துண்டு வெட்டுங்கள். பாதம் 16 சென்டிமீட்டர் என்றால் அட்டை சுமார் 17 சென்டிமீட்டர். நாகர்கோவில் செம்மாங்குடி ரோட்டுக் கடையானாலும் மார்த்தாண்டம் கடையானாலும் செருப்புக்குள் இந்த அட்டையை விட்டுப் பாருங்கள். மடங்காமல் படுத்தால் நீளம் சரி. நுனி மடங்கினால் சின்னது. அட்டைக்குப் பின்னால் இன்னும் ஒரு விரல் போகிற இடம் இருந்தால் பெரியது. சைஸ் எண்ணை நம்ப வேண்டாம், ஒரு கம்பெனியின் 8 இன்னொரு கம்பெனியின் 8 ஆக இருப்பதில்லை.

முன்பக்கத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதுதான் பலருக்கும் வழக்கம். அமுக்கியதும் பிள்ளை விரலை மடக்கிக்கொள்ளும், இடம் இருப்பதுபோலத் தோன்றும். "இறுக்கமா இருக்கா மக்களே?" என்று கேட்டும் பயனில்லை. இந்த வயதில் பாதத்தின் எலும்புகள் முழுசாக உறுதிப்படவில்லை, குருத்தெலும்பு அதிகம், சின்னச் செருப்புக்குள்ளும் பாதம் வலிக்காமல் ஒடுங்கிக்கொள்ளும்.

படி 4: எந்தச் செருப்பு?

கையில் எடுத்து வளையுங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் வளைந்தால் வேண்டாம். குதிகாலைச் சுற்றி நிற்கும் பின்பக்கம் அமுக்கினால் நசுங்கக் கூடாது. முன்பக்கம் அகலமாக, விரல்கள் விரிய இடம் இருக்க வேண்டும். உயர்ந்த ஹீல் கூடாது. பின்வாரும் வெல்க்ரோவும் உள்ள சாண்டல் நம் ஊர் வெக்கைக்கும் மழைக்கும் ஏற்றது.

ஹவாய் செருப்பு பாத்ரூம்வரை போக ஆகும், ஓடியாட ஆகாது. கழன்றுவிடாமல் இருக்கப் பிள்ளை விரல்களைச் சுருட்டிப் பிடித்தபடியே நடக்கும், தடுக்கியும் விழும். அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று இரண்டு சைஸ் கூட்டி வாங்குவதும் இதே வேலையைத்தான் செய்யும். அண்ணன் போட்டுத் தேய்ந்த ஷூ தம்பிக்கு வேண்டாம், அது அண்ணனின் நடைக்குத் தேய்ந்தது. செலவு பெரிது என்றால் விலை குறைந்த புதுச் சாண்டலே மேல்.

வீட்டுத் தரையில் வெறுங்காலோடு விடுங்கள், பாதத் தசைக்கு அது நல்லது. வெளியே அப்படி விட முடியாது. மலம் கலந்த ஈர மண்ணிலிருந்து கொக்கிப்புழு பாதத் தோல் வழியாக உள்ளே நுழையும், குடலில் இருந்து ரத்தத்தைக் குடிக்கும், பிள்ளைக்கு ரத்தசோகை வரும். அங்கன்வாடியில் வருஷத்துக்கு இரண்டு முறை கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரையைத் தவறவிடாதீர்கள் (2 வயதுக்கு மேல் 400 மில்லிகிராம்). சின்னவர்களுக்குப் பொடித்துத் தண்ணீரில் கொடுக்க வேண்டும், முழுசாக விழுங்கச் சொன்னால் தொண்டையில் அடைக்கும். கடற்கரையில் சிப்பித் துண்டு, மீன்முள் ஒரு பக்கம் என்றால், மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கறுத்த மணல் உச்சி வெயிலில் காலைப் பொசுக்கிவிடும்.

படி 5: தானே போடப் பழக்குவது

கடைசி வேலையிலிருந்து தொடங்குங்கள். முதல் வாரம் எல்லாம் நீங்களே செய்து, வெல்க்ரோவை ஒட்டுவதை மட்டும் பிள்ளையிடம் விடுங்கள். அது வந்ததும் குதிகாலைப் பின்னால் தள்ளித் தரையில் ஒரு தட்டு, பிறகு பின்வாரை மாட்டுவது. கடைசியில்தான் காலை நுழைப்பது. இப்படிப் போனால் ஒவ்வொரு நாளும் வேலையை முடித்தது பிள்ளையாகவே இருக்கும், சலிக்காது.

இடது வலது தெரிய, ஒரு மீன் படத்தை நடுவில் வெட்டி, இரண்டு செருப்புக்குள்ளும் பாதி பாதியாக ஒட்டுங்கள், மேலே செலோடேப். பக்கத்தில் பக்கத்தில் வைத்து மீன் முழுசானால் சரி. போடும் முன் கவிழ்த்துத் தட்டும் பழக்கமும் இப்போதே வரட்டும், மழைக்காலத்தில் தேளும் பூரானும் ஷூவுக்குள் ஒதுங்கும்.

நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து, தாள் ஊறியதும் மாற்றுங்கள். அடுப்பருகே வைத்தால் பசை விட்டுப் போகும்.

தட்டைப் பாதம், நொண்டல்

இந்த வயதில் பாதம் தட்டையாக இருப்பது பெரும்பாலும் இயல்பு. நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள், உள்வளைவு தெரிந்தால், வலியும் இல்லையென்றால், தனி ஷூவோ உள்அட்டையோ வாங்க வேண்டாம். ஒரு கால் மட்டும் வேறுமாதிரி இருந்தாலும், இரண்டு நாளுக்கு மேல் நொண்டினாலும், சீழோ காய்ச்சலோ இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். ஆணி குத்தினால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே தடுப்பூசி அட்டையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 16 முதல் 24 மாதத்துக்குள் போடும், டெட்டனஸையும் தடுக்கும் டி.பி.டி. ஊக்க ஊசி விடுபட்டிருக்கிறதா என்று அங்கே முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.