பேரூர்க் கனகசபைத் தூண்களை வாசிக்கும் முறை

கோவைக்கு மேற்கே, நொய்யல் கரையில் இருக்கிறது பேரூர்ப் பட்டீசுவரர் கோயில். அங்கே நடராசர் மண்டபமான கனகசபைக்குள் நுழைந்ததும் எல்லோர் கண்ணும் கூரையில் தொங்கும் கற்சங்கிலிக்குத்தான் போகும். பார்த்து முடித்துவிட்டுத் தூண்களுக்கு வாருங்கள். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும் நேரமாகப் பாருங்கள்; நேர் வெளிச்சத்தில் விரல்களின் அமைப்புத் தெரியாது. ஒரு தூணுக்கு இருபது நிமிடமாவது கொடுங்கள். தொட வேண்டாம்.

முதலில் வலம் இடம் தெளிய வேண்டும். சிலையின் வலம் நமக்கு இடப்பக்கம். இங்கே தவறினால் மற்றதெல்லாம் தலைகீழாகிவிடும். சரிபார்க்கக் காதைப் பாருங்கள்: அம்மையப்பராக நிற்கும் வடிவத்தில் வலக்காதில் ஆணின் குழை, இடக்காதில் பெண்ணின் தோடு. திருச்செங்கோட்டு அர்த்தநாரீசுவரரிடமும் உமையின் பாகம் இடப்புறமே. ஆனால் மூலவர்களை அலங்காரம் மறைத்திருக்கும் என்பதால் பழகுவதற்குத் தூணும் கோட்டமுமே (சுவரில் சிலை நிற்கும் மாடம்) ஏற்றவை.

அடுத்து, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். நடராசர் என்றால்: பின் வலக்கையில் துடி (உடுக்கை), பின் இடக்கையில் எரி, முன் வலக்கை ‘அஞ்சாதே’ என்னும் அபயம், முன் இடக்கை தூக்கிய பாதத்தை நோக்கி வீசியிருக்கும். ஊன்றிய வலக்காலின் கீழே மிதிபடும் குள்ள அசுரன் முயலகன். மதுரை மீனாட்சி கோயிலின் வெள்ளியம்பலத்தில் நடராசருக்குக் கால் மாறியிருக்கும். அதைச் சிற்பியின் பிழை என்று எழுதிவிடாதீர்கள். ‘துடி என்றால் படைப்பு’ என்று இந்தக் கட்டத்திலேயே எழுதினால், அதன்பின் கல்லைப் பார்ப்பதை நிறுத்திவிடுவீர்கள்.

மூன்றாவது, கதை. பேரூரில் காலை உச்சிக்குத் தூக்கி ஆடும் ஊர்த்துவ தாண்டவரைத் தனியாகப் பார்த்தால் பாதிதான் புரியும். ஆலங்காட்டுக் காளியின் தூணையும் சேர்த்துப் பாருங்கள். அவளோடு நடந்த ஆட்டப் போட்டி அது. யானையைக் கொன்று தோலை உரித்த சிவனான யானையுரித்தவர் சிற்பத்தில் தோல் எப்படி விரிந்திருக்கிறது, யானையின் தலையும் கால்களும் எங்கெங்கே வருகின்றன என்று விரலால் காற்றில் கோடு போட்டுப் பாருங்கள். யானை ஆணவம் என்ற விளக்கம் அதற்குப் பிறகு வரட்டும்.

கடைசியாகத்தான் தத்துவம். அதைக் காலத்தோடு சேர்த்துக் குறியுங்கள். 7ஆம் நூற்றாண்டில் அப்பர் ‘எடுத்த பொற்பாதம்’ என்று உருகுகிறார். ஐந்தொழிலாகப் பிரித்துச் சொல்லவில்லை. செப்புத் திருமேனியாக நடராசர் வடிவம் சோழநாட்டில் பரவியது 10ஆம் நூற்றாண்டில். துடியில் படைப்பு, அமைத்த கையில் (அபயக் கை) காத்தல், எரியில் அழித்தல், ஊன்றிய பாதத்தில் மறைத்தல், தூக்கிய பாதத்தில் முத்தி என்று ஐந்தொழிலை ‘உண்மை விளக்கம்’ என்ற சைவ சித்தாந்த நூல் வகுத்தது 13ஆம் நூற்றாண்டில். பேரூர்த் தூண்களோ அதற்கும் பிந்திய நாயக்கர் காலத்தவை. ஆக, ‘அந்தக் காலத்தவர்’ என்று ஒரே கூட்டமாகச் சொல்ல முடியாது. தலைமுறை தலைமுறையாகப் பொருள் ஏறியிருக்கிறது.

ஜெனீவா அணு ஆய்வுக்கூடத்தில் 2004இல் நடராசர் சிலை வைத்தார்கள் என்பதால் அணுவின் ஆட்டம் அன்றே தெரியும் என்று பலர் எழுதுகிறார்கள். எந்தப் பொருளைச் சொன்னாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: நம் நூலில் எங்கே இருக்கிறது? சிற்பத்தின் எல்லா உறுப்புக்கும் பொருந்துகிறதா? ஐந்தொழில் இரண்டிலும் நிற்கும். அணு விளக்கத்தில் முயலகனுக்கு இடமில்லை. பயத்தையும் அழிவையும் அருளையும் ஒரே உடம்பில் நிறுத்திக் காட்டியதே அந்தச் சிற்பிகளுடைய ஆழம். அதற்கு இயற்பியலின் சான்றிதழ் வேண்டாம்.

ஆனியில் இதே கோயிலில் நாற்று நடவு விழா நடக்கும். சுந்தரர் கண்ணுக்குப் படாமல் சிவனும் உமையும் வயலில் நாற்று நட்ட கதை அது. அன்று போனால், வயலில் இறங்கி வேலை செய்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று பாருங்கள். அவர் சொல்லும் பொருளையும் அதே நோட்டில் தேதியோடு எழுதுங்கள்.