கடல்நீர்த் தொட்டியில் உளுவை வளர்க்கலாம், வாங்க

ஆற்று மணலில் ஒட்டிக்கொண்டு கிடக்கும் உளுவையைப் பார்த்திருப்பீர்கள். அதன் கடல்வாழ் பங்காளிகளைத்தான் மீன் கடைகளில் 'கோபி' என்கிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது மஞ்சள் வாட்ச்மேன் கோபி. 10 செ.மீ. வரை வளரும், ஒன்று மட்டும் என்றால் 75 லிட்டர் தொட்டி போதும்.

முதலில் பாறை, பிறகுதான் மணல். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பாறையைத் தொட்டியின் அடிக் கண்ணாடியிலேயே ஆடாமல் உட்கார வைத்து, சுற்றிலும் 5 செ.மீ. மணல் போடுங்கள். இது குழி தோண்டும் மீன். மணல்மேல் பாறை நின்றால் ஒருநாள் சரிந்து மீனையே நசுக்கிவிடும்.

அடுத்து தண்ணீர். ஆர்.ஓ. நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் அக்வேரியம் கடலுப்பு. சமையல் உப்பு ஆகாது. உப்பின் அளவைக் காட்டும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரில் நீரின் ஒப்படர்த்தி 1.025 காட்ட வேண்டும், வெப்பம் 25 டிகிரி. ஆவியாகிக் குறையும் நீருக்கு உப்பில்லாத ஆர்.ஓ. நீரையே ஊற்றுங்கள். ரசம் சுண்டினால் உப்புக் கரிக்கிறதல்லவா, அதே கதைதான்.

சரி, மீன் வாங்கலாமா? இப்போது வேண்டாம். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி மட்டும் போட்டு, 4 முதல் 6 வாரம் ஃபில்டரை ஓட விடுங்கள். தீனி அழுகி வரும் அம்மோனியா ஏறி, இறங்கி, அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட்டும் 0 ஆன பிறகே கடைக்குப் போங்கள்; இரண்டுமே மீனுக்கு நஞ்சு.

போகும் முன் மூடி! என் முதல் கோபி ஒயர் போகும் இடுக்கு வழியாகத் துள்ளிவிட்டது. காலையில் ஸ்டாண்டுக்குப் பின்னால் நெத்திலிக் கருவாடு மாதிரி கிடந்தது. இப்போது கொசுவலையால் அந்த இடுக்கையும் அடைத்திருக்கிறேன்.

மீன் வந்ததும் பை நீரோடு ஒரு வாளியில் விட்டு, தொட்டி நீரை மெல்லிய குழாயில் நொடிக்கு 2, 3 சொட்டாக ஒரு மணி நேரம் இறக்குங்கள். அப்புறம் மீனை மட்டும் தொட்டிக்கு மாற்றுங்கள்; பை நீர் உள்ளே போகக்கூடாது. முதல் சில நாள் ஒளிந்தே கிடக்கும். உறைந்த மைசிஸ் இறாலைக் கரைத்து, பிப்பெட்டால் வளை வாசலில் விட்டால் மெல்லத் தலை நீட்டும்.

தொட்டி நிலைபெற்றதும் மணலில் வளை தோண்டி வாழும் பிஸ்டல் இறால் ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டும் ஒரே வளையில் குடியேறிவிடும். இறாலுக்குக் கண் மங்கல். அது மணலை வாரிக் கொட்ட வெளியே வரும்போதெல்லாம் அதன் மீசைகளில் ஒன்று மீனின் மேலேயே இருக்கும். ஆபத்தைக் கண்டு மீன் வாலை ஒரு சுண்டு சுண்டினால், அடுத்த நொடி இறால் உள்ளே.