நான்கு ஏக்கரும் ஒரு ஜோடி மாடும்: ஏர் பூட்டிப் பயிர் செய்ய விரும்புவோருக்கு

உழவு மாடு வாங்க விரும்பி யோசனை கேட்க வருபவர்கள் எடுத்த எடுப்பிலேயே காங்கேயம் நல்லதா, புலிக்குளம் நல்லதா என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் அவர்கள் தம் நிலத்தைப் பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. புரட்டாசியில் முதல் நல்ல மழை விழுந்த பிறகு, ஏர் ஓடும் பதம் எத்தனை நாள் நிற்கும்? மதுரை மாவட்டத்தில் டி.கல்லுப்பட்டிக்கும் பேரையூருக்கும் இடையிலுள்ள எங்கள் கரிசலில், மழை விட்ட மறுநாள் கால் வைத்தால் மண் அடையாக ஒட்டிக்கொண்டு வரும். தொடர்ந்து வெயில் அடித்துவிட்டால் ஒரு வாரத்துக்குள் மேல்மண் இறுகி வெடிப்பு விடத் தொடங்கும். இடையில் கிடைப்பவை நாலைந்து நாட்கள்தாம். நாட்டுக் கலப்பை பூட்டிய ஒரு ஜோடி மாடு ஒரு நாளில் அரை ஏக்கரிலிருந்து முக்கால் ஏக்கர் வரை உழும். ஆகவே, ஒரு ஜோடியை நம்பி மானாவாரியாக விதைக்கக்கூடிய நிலம் மூன்று ஏக்கர். கோடை உழவைச் சரியாகச் செய்து வைத்திருந்தால் நான்கு ஏக்கர். எட்டு ஏக்கர் வைத்திருப்பவர் ஒரு ஜோடி வாங்கினால், மாட்டையும் வருத்தி, பட்டத்தையும் தவறவிட்டு, இரண்டாவது ஆண்டே டிராக்டருக்குத் திரும்பிவிடுவார். அப்படித் திரும்பிய குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இழுக்கும் விலங்கின் பலத்துக்கு ஏற்றபடி பண்ணையின் அளவை வைத்துக்கொள்ளும் இந்த வழக்கத்தை, அமெரிக்காவில் வாழும் ஆமிஷ் மக்கள் இன்றும் கடைப்பிடிக்கிறார்கள். 1693-ஆம் ஆண்டு வாக்கில் சுவிட்சர்லாந்து, அல்சாஸ் பகுதிகளில் தனிச் சபையாகப் பிரிந்து, 18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறத் தொடங்கிய கிறித்தவ சமூகம் அது. இன்று 3,50,000-க்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். பெரும்பகுதியினர் பென்சில்வேனியா, ஒஹாயோ, இந்தியானா மாநிலங்களில் வாழ்கிறார்கள். அவர்களில் பழைய ஒழுங்கைக் கைக்கொள்வோர் வயலில் டிராக்டர் ஓட்டுவதில்லை. பெல்ஜியன், பெர்ச்செரான் என்னும் கனத்த குதிரைகளையும், லங்காஸ்டர் பகுதியில் கோவேறு கழுதைகளையும் பூட்டி உழுகிறார்கள். ஆமிஷ் குடும்பங்களில் பாதிக்கு மேல் இன்று தச்சு, மரச்சாமான், கட்டட வேலை என்று போய்விட்டன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் உழவில் நிற்பவர்கள், இரு கைகளும் ஓர் அணிக் குதிரைகளும் செய்து முடிக்கக்கூடிய அளவுக்கு மேல் நிலத்தை விரிப்பதில்லை. குதிரை வாங்கி வந்து மதுரை வெயிலில் உழ முடியாது. அதற்குத் தேவையும் இல்லை. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த அளவுக் கணக்கைத்தான்.

அடுத்த கணக்கு தீவனம். 400 கிலோ எடையுள்ள ஒரு காளைக்கு, பசுந்தீவனமும் உடன் கிடைக்கும் நிலையில், ஒரு நாளைக்கு 5 முதல் 6 கிலோ சோளத்தட்டையோ வைக்கோலோ வேண்டும். ஒரு ஜோடிக்கு ஆண்டுக்கு நான்கு டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை விலை கொடுத்து வாங்கி மாடு வளர்ப்பது கட்டுப்படியாகாது. மூன்று ஏக்கர் புஞ்சையில் ஓர் ஏக்கருக்குக் குறையாமல் நெடிய தட்டை தரும் நாட்டுச் சோளம் விதைத்து, கிணற்றுப் பாசனம் இருந்தால் பத்துப் பதினைந்து சென்டில் கோ.எஃப்.எஸ் 29 தீவனச் சோளமும் போட்டுவிட்டால், வரப்புப் புல்லையும் கடலைக்கொடியையும் சேர்த்துப் பெரும்பகுதி சமாளிக்கலாம். ஆமிஷ் பண்ணைகளிலும் மக்காச்சோளம், ஓட்ஸ், கோதுமை, உலர்புல் என்று நிலத்தை மாற்றி மாற்றிப் பயிரிடும்போது ஓட்ஸும் புல்லும் பெரும்பாலும் குதிரைக்கும் கறவைக்குமே போகின்றன. வண்டி ஓட எண்ணெயும் நிலத்திலேயே விளைகிறது என்று அதைச் சொல்லலாம். பூக்கும் பருவத்துக்கு முந்திய இளம் சோளப்பயிரையும், மழையின்றி வாடிய பயிரின் மறுதழைவையும் மாடு மேயவே விடக் கூடாது. அதிலுள்ள நஞ்சு சில நிமிடங்களிலேயே மாட்டைச் சாய்த்துவிடும்.

இப்போது சந்தைக்குப் போகலாம். மணப்பாறையோ வேறெந்தச் சந்தையோ, விடியற்காலையில் போய்விட வேண்டும். தரகர் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதற்கு முன்பு நீங்கள் பார்க்க வேண்டியவை மூன்று: பல், நடை, தோள். நான்கு பல் போட்ட மாடு, அதாவது பால் பல் விழுந்து நான்கு நிலைப்பல் முளைத்த மாடு, உழவுக்கு ஏற்ற பருவத்தில் இருக்கிறது. கடை சேர்ந்த, அதாவது எல்லா நிலைப்பல்லும் முளைத்து முடிந்த மாட்டின் வயதைப் பல்லை மட்டும் வைத்துச் சொல்வது கடினம். பல் தேய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். மாட்டைத் தார் ரோட்டிலோ கட்டாந்தரையிலோ இருபது தப்படி நடத்தச் சொல்லி, பின்னால் நின்று பாருங்கள். முன்னங்கால் வைத்த இடத்திலோ அதற்கு மிக அருகிலோ பின்னங்கால் விழ வேண்டும். தோளில் திமிலுக்கு முன்னால் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தால், பழைய புண்ணின் தழும்பும் கட்டியும் கைக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. சுழி பார்ப்பவர்கள் பார்க்கட்டும். அது அவரவர் நம்பிக்கை. ஆனால் சுழி சுத்தம் என்று சொல்லித் தோளைப் பார்க்காமல் வாங்குவது பெரும் தவறு.

அந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். முதல் ஜோடியை வாங்கியபோது இரண்டும் ஒரே நிறம், ஒரே கொம்பு வாகு என்பதில் மயங்கிவிட்டேன். வலத்து மாடு இடத்து மாட்டைவிட நான்கு விரற்கடை உயரம் என்பதை வீட்டுக்கு வந்த பிறகே கவனித்தேன். புரட்டாசி உழவின் மூன்றாம் நாள், பூட்டை அவிழ்த்தபோது குட்டை மாட்டின் கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மயிர் உதிர்ந்து, தோல் சிவந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு ஓர் ஏக்கர் விதைக்காமலே கிடந்தது. புண் ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதன் பிறகு, பக்கத்துக் காட்டுப் பெரியப்பா ஒருவர் நுகத்தடியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏர்க்கால நடுவுல கட்டாத தம்பி. பலமான மாட்டுப் பக்கம் ரெண்டு வெரக்கடை தள்ளிக் கட்டு.”

அவர் சொன்னது தராசுக் கணக்கு. கலப்பையிலிருந்து நுகத்தடிக்கு வரும் நீண்ட மரம்தான் ஏர்க்கால். நுகத்தடியில் அதைக் கட்டும் இடம் எந்த மாட்டுக்கு அருகில் இருக்கிறதோ அந்த மாட்டின் மேல் பாரம் கூடும். தள்ளி நிற்கும் மாட்டுக்குக் குறையும். ஆமிஷ் உழவர்கள் குதிரைகளுக்கு இடையில் பூட்டும் சமன்கட்டையில், நடுத்துளையை ஒரு பக்கமாகத் தள்ளிப் போட்டு, இளங்குதிரைக்கும் கிழட்டுக் குதிரைக்கும் பாரத்தைக் குறைப்பது இதே கணக்கில்தான். நுகத்தடியில் மூன்று நான்கு பள்ளங்களை முன்கூட்டியே செதுக்கி வைத்துவிட்டால், அன்றன்று மாட்டின் நிலையைப் பார்த்துக் கட்டலாம். ஆனால் உயர வித்தியாசத்தை இந்த முறையால் சரிசெய்துவிட முடியாது. அதற்குச் சந்தையிலேயே கண் வேண்டும்.

நுகத்தடியைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாடு கெடுவது பெரும்பாலும் அங்கேதான். குதிரை மார்பும் தோளும் கொடுத்துக் கழுத்துப் பட்டையைத் தள்ளி இழுக்கிறது. அந்தப் பட்டையின் அடிப்பக்கத்துக்கும் மூச்சுக் குழலுக்கும் இடையில் ஒரு கை தட்டையாக நுழையும் இடைவெளி வேண்டும் என்பது அங்குள்ள அளவு. நம் மாடு திமிலின் முன்பக்கத்தால் தடியைத் தள்ளுகிறது. ஆகவே, தடியின் அடிப்பாகம் கழுத்தின் மேல் அகலமாக உட்கார வேண்டும்; விளிம்பு உருண்டையாக இழைக்கப்பட்டிருக்க வேண்டும்; ஆணி, பிசிறு, முடிச்சு எதுவும் தோலில் படக் கூடாது. பூட்டாங்கயிற்றைக் கட்டிய பிறகு இரண்டு விரல் தாராளமாக நுழைகிறதா என்று பாருங்கள். வேலை முடிந்து அவிழ்த்ததும் தோளைக் குளிர்ந்த நீரால் கழுவி, ஈரம் உலர்ந்த பிறகு கையால் தடவிப் பாருங்கள். சூடு தெரிந்தால் மறுநாள் பூட்டாதீர்கள். சூடு ஒருநாள் ஓய்வில் போய்விடும். புண் ஒரு பட்டத்தையே கொண்டுபோய்விடும்.

கலப்பையின் ஆழத்தை ஏர்க்காலின் நீளத்தால் மாற்றலாம். நுகத்தடியைக் கலப்பையிலிருந்து தள்ளிக் கட்டினால் மண்ணைக் கிழிக்கும் இரும்பு முனையாகிய கொழு ஆழமாக இறங்கும். கிட்டக் கட்டினால் மேலே வரும். கைப்பிடியாகிய மேழியை அழுத்தி ஆழம் தேட வேண்டாம். அழுத்தம் முழுவதும் மாட்டின் கழுத்துக்கே போகும். ஒரு மாடு நீண்ட நேரம் சோர்வின்றி இழுக்கக்கூடிய விசை அதன் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. 400 கிலோ மாடுகள் இரண்டு சேர்ந்தால் 80 கிலோ. காய்ந்த கரிசலை ஆழமாகப் புரட்ட இது போதாது. எனவே கோடை உழவைச் சித்திரையில் பொன்னேர் பூட்டிய கையோடு, கோடை மழை ஈரத்தில் முடித்துவிட வேண்டும். நிலம் பல ஆண்டுகளாக இறுகிக் கிடந்தால் முதல் ஆண்டு ஒரு முறை டிராக்டரை வாடகைக்கு எடுத்து ஆழ உழுவதில் குறை ஒன்றும் இல்லை. ஆமிஷ் மக்களும் எந்திரத்தை முற்றிலும் விலக்கியவர்கள் அல்லர். குதிரை இழுத்துப் போகும் புல் கட்டும் கருவியின் மேல் சிறு எஞ்சினை ஏற்றி ஓட்டுகிறார்கள், களத்தில் டிராக்டர் எஞ்சினால் பெல்ட் சுழற்றி மற்றக் கருவிகளை ஓட்டுகிறார்கள். இழுப்பது மட்டும் குதிரையாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் சபை வகுத்த வரம்பு. நம் வரம்பை நாமே வகுத்துக்கொள்ள வேண்டும்.

மாட்டை உழவுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் ஆண்டில் ஐம்பது அறுபது நாள் வேலைதான் இருக்கும். மற்ற நாட்களில் அது தின்றுகொண்டு நிற்கும். அந்த நாட்களை நிரப்புவது, பயிர் வரிசைகளுக்கு இடையே களை போக உழும் ஊடுழவும் டயர் வண்டியும். வரிசையாக விதைத்தால்தான் ஊடுழவு முடியும். வரிசைக்கு வரிசை 60 செ.மீ. இடைவெளி விட்டுப் பருத்தியோ சோளமோ விதைத்திருந்தால், இரண்டு மாடுகளின் கழுத்துக்கும் இடையே 120 செ.மீ. இருக்கும்படி நீண்ட நுகத்தடி ஒன்று தனியாகச் செய்துகொள்ள வேண்டும். அப்போது ஒரு மாடு இரு வரிசைகளுக்கு இடையிலுள்ள ஒரு பாத்தியிலும் மற்றது ஒரு பாத்தி தள்ளியும் நடக்க, நடுப்பாத்தியில் களைக்கருவி செல்லும். ஒரு செடிகூட மிதிபடாது. உழவுத் தடியையே வைத்து ஊடுழவு செய்யப் பார்ப்பவர்கள் பயிரை மிதித்துவிட்டு மாட்டை அடிக்கிறார்கள். கயிற்று வலையில் வாய்ப்பூட்டு போட மறக்க வேண்டாம்.

வேலை நேரம் காலை ஆறு முதல் பத்தரை வரை. மணிக்கு ஒரு முறை சால் முனையில் பத்து நிமிடம் நிறுத்துங்கள். நாக்கு வெளியே தொங்குவதும், வாயில் நுரை தள்ளுவதும், ஒரு மாடு அரை அடி பின்தங்கிக்கொண்டே வருவதும் போதும் என்பதற்கு அறிகுறிகள். குதிரைக்கு இல்லாத ஒரு தேவை மாட்டுக்கு உண்டு: ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மணி நேரம் அசை போட வேண்டும். நிழலில் படுத்து அசை போடவிடாமல் மாலையிலும் வண்டி பூட்டினால், எவ்வளவு பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் வைத்தாலும் மாடு இளைக்கும். தார் ரோட்டில் வண்டி இழுக்கும் மாட்டுக்கு லாடம் தேய்வதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிளந்த குளம்பாகையால் ஒரு காலுக்கு இரண்டு தகடு வீதம் எட்டு வேண்டும். கோமாரி, தொண்டை அடைப்பான் தடுப்பூசிகளை அரசு கால்நடை மருந்தகத்தில் மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

ஒரு ஜோடி போடும் சாணம் நாளொன்றுக்கு 20 கிலோவுக்குக் குறையாது. அதையும் தின்று மிஞ்சிய கூளத்தையும் குழியில் நிழலோடு மக்கவைத்தால், ஓர் ஏக்கருக்குப் போதுமான எரு ஆண்டுதோறும் கிடைக்கும். மற்ற ஏக்கர்களுக்குப் புலிக்குளம் கிடை மாட்டுக்காரர்களிடம் சொல்லி, அறுவடை முடிந்த காட்டில் கிடை போடச் சொல்லலாம்; மாடுகளை இரவில் அங்கேயே அடைத்து வைத்தால் நிலத்துக்கு எரு சேரும்.

கடைசியாக, அடுத்த ஜோடி. ஒரு நாட்டுப் பசுவையும் சேர்த்து வளர்ப்பவருக்குச் சந்தைக்குப் போகும் தேவை குறையும். ஆமிஷ் பண்ணைகளிலும் பெண்குதிரையை வேலைக்கும் வைத்துக் குட்டிக்கும் விடும் வழக்கம் இதற்காகவே இருக்கிறது. காளைக்கன்றுக்கு இரண்டு வயது கடந்ததும் மூக்கணாங்கயிறு போட்டு, வெறும் நுகத்தடியைக் கழுத்தில் வைத்துக் காலையில் கால்மணி நேரம் நடத்துங்கள். பத்து நாள் கழித்து, பழகிய மாட்டோடு பூட்டி ஒரு சிறு மரத்துண்டை இழுக்கவிடுங்கள். பிறகு ஏற்கெனவே உழுத புழுதியில் கொழு மேலாக ஓடும்படி இரண்டு சால். கன்று மிரண்டால் பழைய மாடு அசையாமல் நிற்கும். அந்த நிதானம்தான் கன்றுக்குப் பாடம், தார்க்குச்சி அல்ல. நான்கு பல் போடும் வரை முழு நாள் வேலை கொடுக்க வேண்டாம். உழுகிற ஜோடிக்கு எட்டு வயதாகும்போது, தொழுவத்தில் நிற்கும் கன்று இரண்டு பல்லாவது போட்டிருக்க வேண்டும்.